ராஜாவின் குதிரையைப் பிடித்து இழுத்தவன்

செம்பியூரை ஆண்ட மாறவேள் ராஜாவுக்கு இரண்டு ஆசைகள். ஆடம்பரமாக உடுத்த வேண்டும்; வருஷா வருஷம் அண்டை நாட்டரசனோடு நடக்கும் குதிரைப் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும். முதல் ஆசை தினமும் நிறைவேறியது. இரண்டாவது மூன்று வருஷமாகக் கைகூடவில்லை.

மூன்றாம் தோல்வியன்று ராஜா கொதித்துப்போய் வந்தார். குதிரை வேகமெடுக்கும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதாகச் சொன்னார். லாயத்து வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தரக் காத்திருந்த தளபதி விசயராயன், குதிரைக்காரன் முத்திருளன் ஏதோ மருந்து வைத்துவிட்டான் என்று போட்டுக்கொடுத்தான். அந்தக் குதிரையைக் குட்டியிலிருந்து வளர்த்தவன் முத்திருளன். அழுதும் பயனில்லை. அவனை நாடு கடத்தச் சொல்லிவிட்டார் ராஜா.

சபை விகடகவி ஆவுடையப்பர் எழுந்தார். இழுத்தவனைத் தாமே பிடித்துத் தருவதாகவும், ராஜா காலையில் இரண்டுமுறை குதிரை ஓட்டினால் போதும் என்றும் சொன்னார்.

"பிடித்தால் அவனை நாடு கடத்துகிறேன். இல்லையென்றால் முத்திருளனோடு நீரும் மூட்டை கட்டும்" என்றார் ராஜா.

விடிந்ததும் ஆற்றங்கரையில் ஊரே கூடியது. தளபதி பரிசளித்த பத்து முழப் பட்டுப் போர்வையை வழக்கம்போல் தோளில் கட்டிக்கொண்டு ராஜா ஏறினார். குதிரை நடந்தவரை ஒன்றுமில்லை. நாலுகால் பாய்ச்சல் எடுத்ததும் போர்வை பானை வயிறாக உப்பியது. ராஜாவின் கழுத்து பின்னால் போனது. எல்லையைத் தொடுவதற்குள், நேரம் கணக்கிட ஆவுடையப்பர் நிறுத்தியிருந்த முரசுக்காரன் நூறு அடி அடித்துவிட்டான்.

"இழுத்தானய்யா, அதே ஆள்" என்றார் ராஜா, மூச்சிரைக்க.

"அவன் அப்படித்தான் மகாராஜா. மெல்லப் போனால் மெல்லத் தொடுவான். பாய்ந்தால் பாய்ந்து பிடிப்பான்."

குதிரை இளைப்பாறியதும், போர்வையைக் கழற்றிவிட்டுப் பிடரியோடு குனிந்து ஓட்டும்படி ஆவுடையப்பர் வேண்டினார். குதிரை பறந்தது. முரசு எண்பதிலேயே நின்றது. ஜனங்கள் ஆரவாரித்தார்கள். முத்திருளன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். தளபதி கூட்டத்துக்குள் நழுவினான்.

ராஜா மட்டும் விடவில்லை. சொன்ன சொல் தவறமாட்டாராம். இழுத்தவனை அந்த நிமிஷமே நாடு கடத்தியாக வேண்டுமாம்.

ஆவுடையப்பர் போர்வையை விரித்து வீசி, உப்பியதும் வாயை இறுக்கிப் பிடித்து நீட்டினார்.

"இதோ இருக்கிறான். பெயர் காற்று. தாராளமாக நாடு கடத்துங்கள் மகாராஜா. ஒன்றே ஒன்றுதான்: நாளை முதல் நாமெல்லாம் மூச்சுவிட அண்டை நாட்டுக்குத்தான் போய்வர வேண்டும்."

ராஜா சிரித்த சிரிப்பில் குதிரையே மிரண்டது. முத்திருளன் லாயத்துக்குத் தலைவனானான். பத்து முழப் பட்டு ஆவுடையப்பருக்குப் போனது. அவர் நடந்தே போகிறவர்; அவரை அது இழுக்கவில்லை.