உமையாள் என்றொரு லைக்கன்

சோலைக்காட்டில் ஒரு மரம். அதன் பட்டையில் பெண்பிள்ளையின் தலைமுடி போல ஒரு லைக்கன் கறுப்பாகத் தொங்கியது. பிரியாணியில் போடுகிறோமே கல்பாசி, அதற்குத் தூரத்துச் சொந்தம். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம்.

தோற்றத்தை வைத்தே அது புதிய இனம் என்று அறிவித்து, உமையாள் என்று பெயர் வைத்தவன் வாகீசன். உமையாள் அவன் மகள். சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள்.

பேருக்குத்தான் ஆய்வாளன். அந்தக் கறுப்பில் ஓர் இழையைக்கூட யாரையும் தொடவிட மாட்டான். பக்கத்தில் படர்ந்திருந்த பச்சை இலை லைக்கனை மட்டும் கை நிறையச் சுரண்டிப் போய் சோதனைக்கு அரைப்பான். அது எங்கும் கிடைப்பது, பழைய பெயர் உள்ளது. அதன்மேல் அவனுக்கு என்ன பாசம்?

அவனுடைய ஆசிரியை தேவகிருபை அம்மாள் விடவில்லை. பிடிவாதமாகக் கேட்டு, கறுப்பில் ஓர் இழைக்கு டி.என்.ஏ. பார்க்கவைத்தார்.

கறுப்பும் பச்சையும் ஒரே பூஞ்சை என்று வந்தது.

அரைக்கும் கல்வத்தில் பச்சைத்தூள் ஒட்டியிருக்கும் என்று வாகீசன் அதைச் சுடவைத்துக் கழுவிப் பார்த்தான். அதே முடிவு. புதுக் கல்வம் வாங்கினான். அப்போதும் அதேதான். அவனுக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது.

"அம்மா, இதை வெளியிட வேண்டாமே."

"ஏன்?"

"ஒரே இனம்னா பழைய பேருதான் நிக்கும். என் பொண்ணு பேரை அடிச்சிடுவாங்க."

அம்மாள் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார். அவன் பின்னால் போனான். பிற்பகலிலேயே பனி இறங்கியிருந்தது. ஒரு பறவைகூடச் சத்தம் போடவில்லை.

"உன் உமையாளை மட்டும் தனியா வெட்டி எடு. நான் எதையும் வெளியிடலை."

வாகீசன் கத்தியை வாங்கிக்கொண்டு, முதல்முறையாக அந்தக் கறுப்பை விரலால் விலக்கினான். உள்ளே, இழைகளின் நுனியிலிருந்தே பச்சை இலை கிளம்பி வந்திருந்தது. கறுப்பு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரி சில்லென்று இருந்தன.

"ஒரே ஆள்தான். நீலப்பசும்பாசியோட சேர்ந்தா இப்படிக் கறுப்பா வரும். பச்சைப் பாசியோட சேர்ந்தா அப்படி இலையா வரும்," என்றார் அம்மாள்.

"அப்ப... இத்தனை வருஷமா நான் அரைச்சது?"

"வெட்டு, வாகீசா."

கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"முடியலை அம்மா. பேரை எடுத்துட்டா அவ எங்க போவா?"

அம்மாள் மரத்தைப் பார்க்கவில்லை. வாகீசனையும் பார்க்கவில்லை. அவன் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், வெறும் பனியைப் பார்த்தார்.

"பச்சப்புள்ளைய எவ்வளவு நாளா இந்தக் காட்டுல நிக்க வச்சிருக்க? மழை வருது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."