காந்தச் சித்தரும் ஊறுகாய் பாட்டிலும்

புழுங்குது புழுங்குதுன்னு புரண்டுக்கிட்டே கெடக்காத. கதை சொல்றேன், "ம்" கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு காந்தச் சித்தர் இருந்தாராம். பத்தாவது மூணு தடவ எழுதி மூணு தடவையும் ஊத்திக்கிச்சு, அப்புறம் சித்தராத்தான ஆகணும். கால்ல மரத்துல செஞ்ச பாதக்கட்டை, கையில திசைகாட்டி. வீடு வீடாப் போய் திசைகாட்டியத் தரையில வைப்பாரு, பக்கத்துல போய் நிப்பாரு. முள்ளு கிறுகிறுன்னு சுத்தும். "பூமிக் காந்தம் கெட்டுக் கெடக்கு, இந்த ஜன்னல அடைச்சிரு"ம்பாரு. ஊரே கொத்தனாரக் கூப்பிட்டு டொக்கு டொக்குன்னு அடைச்சுச்சு. மொதல்ல அடைச்சது யாரு தெரியுமா, ஊர்ல பெரிய வாத்தியாரு. எங்க, ம் சொல்லு.

அங்க தெய்வானைன்னு ஒருத்தி, வாடகை வீட்டுல தையல் மிஷின் போட்டிருந்தா. மேக்கால ஒரே ஒரு ஜன்னல், அந்த வெளிச்சத்துலதான் பொழப்பு. சித்தர் அங்கயும் வந்தாரு, முள்ளு சுத்துச்சு. "வெள்ளிக்கிழமை அடைச்சிர்றேம்மா"ன்னுட்டாரு வீட்டுக்காரரு. ஜன்னல் போனா பொழப்பும் போச்சு. ஆனா குண்டூசி பொறுக்கக் காந்தம் வச்சிருக்கறவ இல்லையா, அப்போ யோசிச்சா. முள்ளு சுத்துனா காந்தம் இருக்கு, சரி. அது பூமியில இருக்கா, இந்தாளுகிட்ட இருக்கா?

அந்தக் காந்தக் குச்சிய நூல்ல படுக்கையாக் கட்டித் தொங்கவிட்டா. பாவாடையில வச்சுத் தைக்கிற குட்டிக் கண்ணாடிய அதுல ஒட்டினா. ஜன்னல் வெயில் கண்ணாடில பட்டு, செவுத்துல பொட்டாட்டம் விழுந்துச்சு. காந்தம் இம்மி திரும்பினா பொட்டு ஒரு சாண் நகரும். மொதல்ல நூல்ல முறுக்கு, கிர்ருன்னு சுத்திக்கிட்டே இருந்துச்சு. பிரிச்சு ஒத்தை இழையில கட்டினா. அப்புறம் காத்துல ஆடுச்சு, ஊறுகாய் பாட்டிலுக்குள்ள எறக்கி மூடினா. அப்புறம் மிஷின் இரும்பு இழுத்துச்சு, தள்ளி வச்சா. பொட்டு அசையாம நின்னுச்சு. வெயில் நகர நகரப் பொட்டும் நகருமே, அதனால வெள்ளிக்கிழமை ஆளுங்க வர்ற சத்தம் கேட்டப்புறந்தான் அதச் சுத்தி பென்சில்ல வட்டம் போட்டா.

தூங்கிட்டியா? ம். சரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொத்தனாரு, வீட்டுக்காரரு, பாதி ஊரு, நடுவுல சித்தரு. டக்கு டக்குன்னு உள்ள வந்தாரு. பொட்டு விருட்டுனு வட்டத்த விட்டு ஓடிருச்சு.

"சாமி, வெள்ளிக்கிழமை. செருப்ப வாசல்ல விட்டுட்டு வாங்க"ன்னா தெய்வானை.

"குரு குடுத்த கட்டை, கழட்டக் கூடாது."

"அந்தக் குரு வீட்டுக்குள்ளயும் இதப் போட்டுக்கிட்டுத்தான் போனீங்களா?"

ஊரு பாத்துச்சு. வேற வழியில்லாம கழட்டி வச்சுட்டு வந்தாரு. பொட்டு வட்டத்துலயே நின்னுச்சு. திசைகாட்டி முள்ளும் வடக்கப் பாத்துப் படுத்துக்கிச்சு. அப்புறம் தெய்வானை அந்தக் கட்டைய ஒத்தக் கையில தூக்கிட்டு உள்ள வந்தா. பொட்டு மறுபடி விருட்டுன்னு ஓடுச்சு. கொத்தனாரு உளிய வச்சு ஒரு போடு, கட்டை ரெண்டாப் பொளந்துச்சு. உள்ள கட்டியா ஒரு காந்தம்.

அவ ஜன்னல் பொழச்சுச்சு. சித்தரு அடுத்த ஊருக்குப் போயிட்டாரு, அங்கயும் நல்ல கூட்டமாம். நம்மூருக்கு யார் மேல கோவம்ங்கற? தெய்வானை மேலதான். "இவ்ளோ கெட்டிக்காரி முன்னாடியே சொல்றதுக்கென்ன"ன்னு மொறைச்சாங்க. அடைச்ச ஜன்னல ஒருத்தரும் தெறக்கல. தெறந்தா ஏமாந்தது வெளிய தெரிஞ்சிருமாம்.

அந்தா, அந்தச் செவுத்துல சதுரமாப் பொடச்சுக்கிட்டுத் தெரியுதே, அது நம்ம ஜன்னலு. பெரிய வாத்தியாருன்னேன்ல, அவருதான் உன் தாத்தா, என்னையப் பெத்தவரு. இன்னைக்கும் அதத் தொட விடமாட்டேங்கறாரு, எனக்குப் பத்திக்கிட்டு வருது.

கதையும் ஆச்சு, காத்தும் வராது. அத்தை விசிறி விடறேன், நீ கண்ண மூடு.