எருமைக்குச் சொன்ன இரண்டு இடங்கள்

தாமரைக் குட்டையில் நாற்பது தவளைகள் இருந்தன. நாற்பதுக்கும் ஒரே பைத்தியம். பலகுரலான் பைத்தியம்!

பலகுரலான் ஒரு கரிச்சான் குருவி. புலி மாதிரி உறுமுவான். யானை மாதிரி பிளிறுவான். எல்லாவற்றையும் விட, மழை பெய்கிற சத்தத்தை அப்படியே செய்து காட்டுவான். முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு சடசடவென்று, பிறகு ஓவென்று! தவளைகளுக்கு வேறு என்ன வேண்டும்? குட்டையில் ரசிகர் மன்றமே தொடங்கிவிட்டன. மன்றத்துக்குத் தலைவர் பெருவாயன் என்கிற தடித்த தவளை. வேலை ஒன்றும் செய்யமாட்டான். ஆனால் தலைவர் என்று கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்வான்.

ஒரு சித்திரை மாதத்தில் காகம் ஒன்று சேதி கொண்டுவந்தது.

"செங்காட்டு ஏரியில பலகுரலானோட ரசிகர் மாநாடு! பௌர்ணமிக்கு மறுநாள் காலையில! காடே திரண்டு வருது!"

குட்டையே துள்ளிக் குதித்தது. "நாற்பது பேரும் போறோம்!" என்று அறிவித்தான் பெருவாயன்.

அல்லி என்ற பெண் தவளை மட்டும் துள்ளவில்லை. "அண்ணே, எப்படிப் போறோம்?" என்று கேட்டாள்.

"மூக்காயி எருமை எதுக்கு இருக்கா? அவ முதுகுல ஏறினா ரெண்டு நாழிகையில ஏரி!"

"போறது சரி. போன பிறகு மூக்காயி எங்க நிப்பா? ஆயிரம் மாடு வர்ற இடத்துல அவளை எங்க போய்த் தேடுறது?"

"அதெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம்மா!"

"தண்ணிக்கு என்ன பண்றது?"

பெருவாயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கேட்டீங்களா கதையை! ஏரிக்குப் போறோம், தண்ணிக்கு என்ன பண்றதுன்னு கேக்குறா!"

எல்லாரும் சிரித்தார்கள். அல்லியின் கணவன் தெப்பனும் சிரித்தான்.

"சித்திரையில எந்த ஏரியிலண்ணே தண்ணி நிக்குது? தண்ணி இருந்தா அவ்வளவு கூட்டம் எங்க உக்காரும்?" என்றாள் அல்லி.

நியாயமான கேள்விதானே! ஆனால் குஷியில் இருக்கிறவர்களிடம் நியாயம் பேசினால் யாருக்குப் பிடிக்கும்? "நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அபசகுனமாப் பேசாதே!" என்று பெருவாயன் அவள் வாயை அடைத்துவிட்டான்.

தெப்பன் கெட்டவன் இல்லை. ஆனால் பலகுரலான் பேரைக் கேட்டால் அவனுக்குத் தலைகால் புரியாது. "நீ வராட்டி இரு, அல்லி. நான் துளியைக் கூட்டிட்டுப் போறேன். பாவம், அவ இன்னும் மழைச் சத்தமே கேட்டதில்லையே!" என்றான்.

துளி அவர்களுடைய ஒரே மகள். வால் உதிர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. தோல் இன்னும் தாமரை இதழ் மாதிரி மெல்லிசாக இருந்தது. அரை நாள் வெயிலை அந்தத் தோல் தாங்காது. அது அல்லிக்குத் தெரியும்.

"நீங்க போறதுன்னு முடிவு பண்ணிட்டா நானும் வர்றேன்" என்றாள்.

அன்றைக்கே அவள் மூக்காயியிடம் போய்க் கேட்டாள். "அக்கா, அந்த ஏரி எப்படி இருக்கும்?"

"காஞ்சு ரெண்டு மாசமாச்சு, தாயி. நடுவுல பொட்டல்தான். தெக்குக் கரையில ஒத்தைப் பனை ஒண்ணு நிக்கும். அதுக்குப் பக்கத்துல ஒரு வாய்க்கால் பள்ளம். அதுல மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கும்."

"அப்ப நீங்க அந்தப் பனையடியிலயே நில்லுங்க. நாங்க எல்லாரும் அங்க வந்துடுறோம்."

"சரி, பனையடி" என்றாள் மூக்காயி.

அல்லி குட்டைக்குத் திரும்பி ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "மாநாடு முடிஞ்சதும் யாரும் யாரையும் தேடிட்டு இருக்க வேண்டாம். நேரா பனையடி. பனை எவ்வளவு கூட்டத்துலயும் தெரியும்." பெருவாயனும் தலையாட்டினான்.

மாநாட்டு நாள் வந்தது. மூக்காயி சேற்றில் நன்றாகப் புரண்டு முதுகில் ஈரம் ஏற்றிக்கொண்டாள். நாற்பது தவளைகளும் ஏறிக்கொண்டன.

வழியெல்லாம் கூட்டம்! மான், குரங்கு, முள்ளம்பன்றி, கழுதை, ஊர்ப்பட்ட எருமைகள்! ஏரி வாசலில் காட்டுப்பன்றிகள் காதில் வேப்பிலை சொருகிக்கொண்டு நின்றன. அவைதாம் தொண்டர்கள். "நிக்காதே! உள்ள போ! உள்ள போ!" என்று வந்தவர்களை எல்லாம் உள்ளே தள்ளின. எப்படி வெளியே வருவது என்று ஒரு பன்றியும் சொல்லவில்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

மூக்காயி சொன்னபடியே பனையடியில் போய் நின்றாள். தவளைகள் இறங்கின. ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தரை இப்போதே சுட்டது. பெருவாயன் அதைப் பார்க்காதது மாதிரி நடந்தான்.

"நான் துளியோட முன்னாடி போறேன். இங்கிருந்து அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் தெப்பன்.

"முடிஞ்சதும் பனையடி. மறந்துடாதீங்க."

"மறப்பேனா!" என்று துளியை முதுகில் ஏற்றிக்கொண்டு தத்தினான். முண்டியடிக்க முடியாத பதினேழு தவளைகளோடு அல்லி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள்.

முன்னால் போன பெருவாயன் ஒன்றைப் பார்த்தான். ஆலங்குளத்துத் தவளைகளின் எருமை, மேடைக்குப் பக்கத்திலேயே ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. கொம்பில் தாமரை இலைக் கொடி வேறு! பெருவாயனுக்கு வயிறு எரிந்தது.

"அவனுங்க மாடு மேடைகிட்ட நிக்குது! நம்ம மாடு எங்கயோ மூலையில நிக்குது! மன்றத்து மானம் என்ன ஆகுறது?"

விறுவிறுவென்று பனையடிக்குத் திரும்பினான். "மூக்காயி, முன்னாடி வா!"

"அல்லி இங்கதானே நிக்கச் சொன்னா? அவளுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லிக்கிறேன்! தலைவர் நானா, அவளா?"

மூக்காயி அவனோடு போனாள். முன்னால் இருந்த தவளைகளிடம் பெருவாயன் பெருமையாகச் சொன்னான். "மாடு இங்கயே வந்தாச்சு! முடிஞ்சதும் எல்லாரும் இங்கயே ஏறிக்கலாம்!"

"அல்லிக்கு?" என்று கேட்டான் தெப்பன்.

"சொல்லி அனுப்பியாச்சுப்பா!"

பச்சைப் பொய்! யாரையும் அவன் அனுப்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அனுப்பலாம் என்று நினைத்திருந்தான். அதற்குள் மேடையில் பலகுரலான் வந்து உட்கார்ந்துவிட்டான். பெருவாயனுக்கு உலகமே மறந்துபோயிற்று.

பலகுரலான் புலியானான். யானையானான். கடைசியில் மழையானான். ஆகா, அது என்ன மழை! முதல் சொட்டு விழுந்ததும் துளி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, இதுதான் மழையா?" என்று கேட்டாள். தெப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. தவளைகள் எல்லாம் தொண்டை கிழியக் கத்தின. தலைக்கு மேல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தோல் காய்வது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மாநாடு உச்சிவேளையில் முடிந்தது. காடு முழுவதும் ஒரே சமயத்தில் எழுந்தது.

மேடைக்குப் பக்கத்தில் நின்ற எருமைகள் வழியை அடைத்துக்கொண்டன. பன்றிகளுக்கு வெறி வந்துவிட்டது. "மாட்டை எடு! மாட்டை எடு!" என்று கோரைப்பல்லால் குத்தி விரட்டின.

"என் தவளைங்க வரணும்! இருங்கய்யா!" என்று கத்தினாள் மூக்காயி. யார் கேட்டார்கள்? விலாவில் ஒரு குத்து விழுந்தது. ஐம்பது எருமைகளுக்கு நடுவில் அவளையும் மேற்கே தள்ளி, பாறைக் காட்டில் கொண்டுபோய் அடைத்தன.

முன்வரிசைத் தவளைகள் மாட்டைத் தேடின. தவளையின் உயரத்துக்கு என்ன தெரியும்? கால்தான் தெரியும். எல்லாம் கறுப்புக் கால். எல்லாம் பிளந்த குளம்பு. "மூக்காயி! மூக்காயி!" என்று கூப்பிட்டார்கள். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்கவில்லை. ஐந்து பேர் குளம்படியில் நசுங்கிச் செத்துப்போனார்கள்.

"பனையடிக்கே போயிடலாமா?" என்றான் தெப்பன்.

"போற நேரத்துல மாடு இங்க வந்துட்டா? இங்கயே இருங்க! நான் போய் ஆள் அனுப்புறேன்!" என்றான் பெருவாயன். சொல்லிக்கொண்டே ஆலங்குளத்து எருமையின் வாலைப் பிடித்து ஏறிவிட்டான். அந்த எருமை மட்டும் எப்படியோ வெளியே போய்விட்டது. அவனும் போய்விட்டான்.

மிச்சமிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். தலைவர் சொன்னாரே!

அல்லி தன்னோடு இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு பனையடிக்கு வந்தாள். மாட்டைக் காணோம். பதினேழு பேரையும் வாய்க்கால் பள்ளத்தில் இறக்கினாள். அங்கே ஈரம் இருந்தது. ஆளுக்கு ஆள் மண்ணைத் தோண்டிக்கொண்டு படுத்தார்கள்.

"அல்லி, நீயும் இறங்கு" என்றார்கள்.

அவள் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நாமே தேடிப் போனால் என்ன என்று ஆயிரம் முறை நினைத்தாள். போகும்போது அவர்கள் இங்கே வந்து, அம்மாவைக் காணோமே என்று திரும்பக் கூட்டத்துக்குள் போய்விட்டால்? சொன்ன இடத்தில் நிற்பதுதான் சரி. சரியானதைத்தான் அவள் செய்தாள். ஒவ்வொரு கணமும் அவளுக்கு அழுகையாக வந்தது.

வெயில் சாய்ந்த பிறகு மூக்காயி பாறைக் காட்டிலிருந்து தப்பி வந்தாள். விலாவில் ரத்தம் வழிந்தது.

"அக்கா! எங்க போயிட்டீங்க?"

"தலைவர்தான் மேடைகிட்ட வரச் சொன்னார். உன்கிட்ட சொல்றேன்னாரே?"

"யாரும் சொல்லலையே!" என்று அலறினாள் அல்லி. "என் புள்ள எங்கே? அவ அப்பா எங்கே?"

இருவரும் ஓடினார்கள். மைதானம் காலியாகக் கிடந்தது. மேடையடியில் தவளைகள் காய்ந்த சருகு மாதிரி சிதறிக் கிடந்தன. மூன்று பேருக்கு மட்டும் ஒரு கல்லின் நிழலில் மூச்சு இருந்தது.

தெப்பன் வெட்டவெளியில் கிடந்தான். நாலு கால்களையும் ஒடுக்கி, வயிற்றைத் தரையோடு அழுத்தியிருந்தான். முதுகுத் தோல் வெடித்திருந்தது. அல்லி தொட்டுப் பார்த்தாள். விறைத்துப் போயிருந்தான்.

மூக்காயி மூக்கால் மெதுவாக அவனைப் புரட்டினாள். அவன் வயிற்றுக்கு அடியில் துளி இருந்தாள். உயிரோடு இருந்தாள்.

"அசையாம இருன்னு அப்பா சொன்னாரும்மா" என்றாள். "மாடு வரும், அம்மாவும் அதுல வருவான்னு சொன்னாரு. நான் அசையவே இல்ல."

அல்லி மகளை வாயோரம் அணைத்துக்கொண்டு அந்தத் தரையிலேயே விழுந்து அழுதாள்.

அன்று வாய்க்கால் பள்ளத்திலேயே தங்கி, துளியின் தோலுக்கு ஈரம் ஊட்டினார்கள். மறுநாள் காலை, மூக்காயியின் முதுகில் இருபத்திரண்டு தவளைகள் குட்டைக்குத் திரும்பின. பதினேழு பேர் திரும்பவில்லை.

பெருவாயன் பெரிய தாமரை இலையில் உட்கார்ந்து மீன்களுக்கு மாநாட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். "இந்த மாதிரி கூட்டத்தை இந்தக் காடு பார்த்ததே இல்ல! அடுத்த வருஷம் இன்னும்..." அல்லியைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"வந்துட்டியாம்மா! இப்பத்தான் ஆள் அனுப்பலாம்னு..."

"மாட்டை இடம் மாத்தினீங்களே, அண்ணே. எங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லணும்னுதான்மா இருந்தேன். அதுக்குள்ள பலகுரலான் வந்துட்டான். கூட்டத்துல எனக்கு நூறு வேலை. என்னம்மா பண்றது, எல்லாம் விதி!"

"விதி இல்லண்ணே!" என்றாள் அல்லி. "கடைசி வரிசைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அந்த மனுஷன் வெயில்ல காத்துக்கிட்டு இருக்காருன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். எங்க தேடணும்னும் தெரிஞ்சிருக்கும். நான் அங்க ஈரத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். அவர் உங்க பேச்சை நம்பிக் காஞ்சு செத்தாரு!"

பெருவாயன் மெல்லத் தண்ணீருக்குள் இறங்கினான். அன்றிலிருந்து குட்டையில் ஒருவரும் அவனைத் தலைவர் என்று கூப்பிடவில்லை. கூப்பிடாததால் செத்தவர்கள் யாரும் எழுந்து வந்துவிடவும் இல்லை.

பெருங்கூட்டத்துக்குப் போகிறவர்கள், ஏறி வந்த வாகனம் எங்கே நிற்கும், பிரிந்தால் எங்கே சேர்வது என்பதைப் புறப்படும் முன்பே பேசி வைக்க வேண்டும். பேசி வைத்ததைத் தன் பெருமைக்காக மாற்றிவிட்டு மற்றவர்களிடம் சொல்லாமல் இருக்கிறவன், அவர்களுடைய உயிரைத்தான் விலையாகக் கொடுக்கிறான்.