மூன்றாம் பெஞ்சு

“அம்மா, இதுல எதை நம்பி நான் பிரசங்க பீடம் ஏற?”

உபதேசியார் ஞானதிரவியம் தன் செல்போனை மேசைமேல் வைத்தார். திரையில் வேதாகம ஆப்கள் ஏழு வரிசையாக நின்றன.

எதிரே உட்கார்ந்திருந்த பியூலா அம்மா, ஏழு ஊர்ச் சபைகளுக்குப் போதகர். உபதேசியாரைவிட இருபத்திரண்டு வயது இளையவர். அவர் வந்த புதிதில் எப்படிக் கூப்பிடுவது என்று ஊரே திண்டாடியது. போதகரை ஐயர் என்பது ஊர் வழக்கம்; ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. ஐயரம்மா என்றால் ஐயருடைய வீட்டம்மா என்றாகிவிடும். கடைசியில் வெறும் அம்மாவில் வந்து நின்றது.

ஞானதிரவியம் மட்டும் அவரைத் தன் குரு என்றே சொல்லிக்கொள்வார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் போதகர் அவர்தானாம்.

“ஏழு இருக்கே. ஒண்ணுகூடவா தேறலை?”

“வனாந்தரத்துல ஆகார் கண்ட கிணறு எந்த வசனத்துல இருக்குன்னு ஒண்ணுல தேடுனேன். கிணறுன்னு போட்டா ஊர்ல உள்ள கிணத்தையெல்லாம் காட்டுது. அவ கிணத்தைக் காணோம். அந்த இடத்துல துரவுன்னுல்லா போட்டிருக்கான்! அது ஞாபகம் இருந்தா நான் எதுக்குத் தேடப்போறேன்?”

“சரி. அடுத்தது?”

“அது வாயால வாசிச்சுக் காட்டும். ரயில் எத்தனாவது மேடைக்கு வருதுன்னு சொல்லுத குரல். இன்னொண்ணுல எட்டு மொழிபெயர்ப்பு. எட்டையும் ஒத்துப் பாக்கதுக்குள்ள ஆராதனையே முடிஞ்சிரும். ஒண்ணுல எழுத்தெல்லாம் யானை யானையா நிக்கி. ஒண்ணுக்கு நெட் வேணும், நம்ம கோயில்ல மணிக்கூண்டுல ஏறுனாத்தான் நெட்டு.”

“மிச்சம் ரெண்டு?”

“ஒண்ணு சங்கீதத்துக்கு நடுவுல நகைக்கடை விளம்பரம் போடுது. இன்னொண்ணை எப்படித் திறக்கதுன்னே தெரியலைம்மா.”

பியூலா அம்மா சிரித்தார். ஞானதிரவியம் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கடிதத்தை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எது சரின்னு நீங்க சொல்லுங்க. இல்லைன்னா இதை வாங்கிக்கிடுங்க. முப்பத்திரண்டு வருஷம் பிரசங்கம் பண்ணியாச்சு. இனி முடியாது.”

போதகர் கடிதத்தைத் தொடவில்லை.

“இத்தனை வருஷம் எதை வச்சுத் தேடுனீங்க?”

ஞானதிரவியம் கடிதத்தை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

“சுகிர்தத்தை வச்சு.”

அந்தச் சபையில் ஒரு வழக்கம். பிரசங்கியார் அதிகாரமும் வசனமும் சொல்லவேண்டும். சொன்னதும் சபையார் எல்லாரும் எடுத்துச் சேர்ந்து வாசிப்பார்கள். எண் வராமல் ஒரு பக்கம் புரளாது. ஞானதிரவியத்துக்குக் கதையெல்லாம் தலைகீழ்ப் பாடம். எண் மட்டும் பீடம் ஏறியதும் கழன்றுவிடும். தாளில் எழுதிக்கொண்டு ஏறும் பழக்கமும் அவருக்கு இல்லை.

அப்போது பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சைப் பார்ப்பார். அங்கே அவர் மனைவி சுகிர்தம் கையைத் தூக்கியிருப்பாள். இரண்டு கையையும் ஒரு தடவை மூடித் திறந்தால் பத்து. அதற்குமேல் காட்டும் விரல்கள் மிச்ச எண். முதலில் அதிகாரம், பிறகு வசனம். வெளியூரிலிருந்து வந்த போதகர்கள், இந்த அம்மாவுக்கு என்ன பக்தி, கையை இறக்கவே மாட்டேனென்கிறாளே என்று வியந்ததுண்டு.

நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தை மட்டும் அவர் ஒருநாளும் தொட்டதில்லை. அதிகாரத்துக்குப் பதினோரு தடவை, நூற்றெழுபத்தாறு வசனத்துக்குப் பதினேழு தடவை என்று கையை மூடித் திறக்க என்னால் ஆகாது என்று வீட்டிலேயே தடைபோட்டிருந்தாள்.

நான்கு மாதத்துக்கு முன் ஐந்து நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து மூன்றாவது ஞாயிறு அவர் பீடம் ஏறினார். “சங்கீதம்” என்றார். மூன்றாம் பெஞ்சைப் பார்த்தார். அவளுடைய தோழிகள் பரிபூரணத்துக்கும் ராஜகனிக்கும் நடுவே ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. சங்கீதங்கள் மொத்தம் நூற்றைம்பது. எது என்று சபை காத்திருந்தது. அவர் ஒரு கீர்த்தனையைப் பாடச் சொல்லிவிட்டு இறங்கினார். அதன்பிறகு ஏறவில்லை.

“வசனத்தைப் பாக்க அவங்க மடியில வேதாகமத்தை விரிச்சு வச்சிருப்பாங்களோ?” என்று கேட்டார் போதகர்.

“இல்லம்மா. மூடித்தான் இருக்கும்.”

“பிறகு எப்படித் தெரியும்?”

“சனிக்கிழமை சாயங்காலம் பிரசங்கத்தை அவளுக்குச் சொல்லிக் காட்டுவேன். முருங்கைக்கீரை உருவிக்கிட்டே கேப்பா. தப்பா ஒரு எண்ணைச் சொன்னா கீரைக்காம்பு பறந்து வரும். சட்டையெல்லாம் காம்பாக் கிடக்கும்.”

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

“இப்ப சனிக்கிழமை யாருக்குச் சொல்லிக் காட்டுதீங்க?”

ஞானதிரவியம் மேசைமேலிருந்த போனைப் பார்த்தார். அது அணைந்து போயிருந்தது.

பியூலா அம்மா கடிதத்தை எடுத்தார். பிரித்தார். வாசிக்காமல் திருப்பினார்.

“பின்பக்கம் சும்மாத்தானே கிடக்கு. இந்த ஞாயிறு எனக்கு வேற ஊர்ல ஆராதனை. நீங்கதான் பேசணும். பேசப்போறதை இதுல எழுதுங்க. எழுதுனதைச் சனிக்கிழமை மூணாம் பெஞ்சுக்கு வாசிச்சுக் காட்டுங்க.”

“சனிக்கிழமை கோயில் பூட்டியிருக்குமே?”

“பூட்டியிருக்கட்டும்.”

“ஆப் எதுன்னு சொல்லலையே?”

“ஏழையும் கொண்டுபோங்க.”

வீடு வரும்வரை அவருக்கு விளங்கவில்லை. பூட்டிய கோயிலுக்கு வெளியே நின்று காலிப் பெஞ்சுக்கு வாசிப்பதா? குருவுக்கும் வேலைப்பளு அதிகம், பாவம், என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடிதமும் கையுமாகக் கோயிலுக்குப் புறப்பட்டவர் பரிபூரணத்தின் வீட்டு வாசலில் நின்றுவிட்டார். உள்ளே பரிபூரணமும் ராஜகனியும் மடியில் பீடித்தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பெஞ்சு இங்கேதான் இருந்தது.

“அண்ணாச்சி, என்ன அங்கனயே நிக்கிய? வாங்க” என்றாள் பரிபூரணம்.

உட்கார்ந்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பித்துவிட்டார். பிள்ளையோடு வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஆகாரின் கதை. தோல்பையில் தண்ணீர் தீர்ந்தது. பிள்ளையைச் செடி நிழலில் போட்டுவிட்டுத் தூரப்போய் உட்கார்ந்து அழுதாள். பிறகு ஒரு கிணற்றைக் கண்டாள்.

“நில்லுங்க” என்றாள் ராஜகனி. “அந்தக் கிணறு முந்தியே அங்க கிடந்துச்சா, அப்பதான் வந்துச்சா?”

முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு கேள்வி அவருக்குத் தோன்றியதில்லை.

“தெரியலையே தாயி.”

“அந்தப் போனைத் தட்டிப் பாருங்க. சும்மாவா வச்சிருக்கிய?”

எட்டு மொழிபெயர்ப்பையும் திறந்தார். எட்டிலும் ஆகாரின் கண்கள் திறக்கப்பட்டன. கிணறு புதிதாக வந்தது என்று ஒன்றிலும் இல்லை.

“எனக்கு முழுசாக் கேக்கணும். கை ஓயாதுல்லா, அது பாட்டுக்கு வாசிக்கட்டும்” என்றாள் பரிபூரணம். ரயில்வே ஸ்டேஷன் குரல் வாசித்தது. இருவரும் இலையை மடக்கியபடியே கேட்டார்கள். பிள்ளை அழுத இடத்தில் பரிபூரணத்தின் கை ஓய்ந்தது.

ராஜகனிக்குக் கண்ணாடி உடைந்து ஒரு மாதமாகிறது. யானை எழுத்தைத் தானே ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்தாள். “இதை என் போன்லயும் போட்டுக் குடுத்துட்டுப் போங்க” என்றாள்.

“சரி, எண்ணைச் சொல்லாம ஓடுதியளே” என்றாள் பரிபூரணம். “போனைக் கவுத்து வச்சுட்டுச் சொல்லுங்க, எத்தனாவது அதிகாரம்?”

“பதினாறு” என்றார் ஞானதிரவியம்.

“பதினாறுதான்” என்றாள் ராஜகனி.

“பதினாறு, ஆகார் வயித்துப்பிள்ளையோட ஓடுனது. பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போனது இருபத்தொண்ணு. சுகிர்தம் மைனி காதுல விழுந்திருந்தா என்ன நடந்திருக்கும்?” என்றாள் பரிபூரணம்.

வெட்டிப்போட்ட பீடி இலைத் துண்டு ஒன்று ஞானதிரவியத்தின் சட்டையில் வந்து விழுந்தது.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். அங்கேயே, இரண்டு பெண்களுக்கு முன்னால், வாய்விட்டு அழுதார். நான்கு மாதத்து அழுகை. அவர்கள் தடுக்கவில்லை. ராஜகனியும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுது முடித்தபின் கடிதத்தின் பின்பக்கத்தில் இருபத்தொன்று என்று பெரிதாக எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை பீடம் ஏறினார். கையில் அந்தத் தாள் இருந்தது.

“ஆதியாகமம்” என்றார்.

எண் தாளில் இருக்கிறது. குனிந்தால் தெரியும். ஆனால் முப்பத்திரண்டு வருடப் பழக்கம் லேசில் விடுமா? கண் மூன்றாம் பெஞ்சுக்குத்தான் போயிற்று.

நடுவில் அந்த இடம் காலியாகவே இருந்தது. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைகள் உயர்ந்திருந்தன.

பரிபூரணம் இரண்டு தடவை கையை மூடித் திறந்து ஒரு விரல் காட்டினாள். ராஜகனி ஒரு தடவை மூடித் திறந்து ஆறு விரல் காட்டினாள்.

பரிபூரணம் காலி இடத்தைத் தாண்டி ராஜகனியை முறைத்தாள். ராஜகனி ஆறு விரலை இறக்கவில்லை.

சபை காத்திருந்தது.

“ரெண்டு பேரும் பேசி ஒண்ணாக் காட்டுங்க தாயி” என்றார் ஞானதிரவியம். “நான் எங்கயும் போகலை. இங்கதான் நிப்பேன்.”