நாலு மணி ஜெபம்

“நாலு வருஷமா அந்த ஆளுக்காக ஜெபிக்கிறேன். மனசு இளகவே மாட்டேங்குது. பட்டியல்ல இருந்து பேர எடுத்துரட்டுமா?”

கேட்டவர் ஜெபத்துரை, ஓய்வு பெற்ற தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. கேட்கப்பட்டவர் பாஸ்டர் எப்சிபா. ஜெபத்துரையின் மகள் வயதுதான் இருக்கும்.

அந்த ஆள் என்பது பக்கத்து வீட்டு அறிவழகன். எந்தச் சாமியையும் கும்பிடாதவர்.

எப்படி ஜெபிக்கிறீர்கள் என்று எப்சிபா விசாரித்தார். ஜெபத்துரை பெருமையோடு சொன்னார். தினம் விடியற்காலை நாலு மணிக்குக் குடும்பமே உட்கார்ந்து கைதட்டிப் பாடும். பேர் சொல்லி மன்றாடும். சத்தம் அந்த வீட்டுக்குள் போக வேண்டும் என்று ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். இன்று காலை அந்த ஆள் தன் ஜன்னலை அடித்துச் சாத்திவிட்டாராம்.

“என்ன வேலை பார்க்காரு?”

“பஸ் டிரைவர்.”

“எப்பத் தூங்குவாரு?”

“அது எனக்கு எதுக்கு பாஸ்டரம்மா?”

எப்சிபா நாளை ஜெபத்துக்குத் தானும் வருவதாக மட்டும் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை, பாஸ்டர் வரப்போகிறார் என்ற உற்சாகத்தில் ஜெபத்துரை தொண்டை கிழியப் பாடினார். பாட்டு முடிந்தும் ஆளைக் காணோம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

எப்சிபா பக்கத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லுங்கியோடு அறிவழகன். கண் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்திருந்தன.

“இங்க வந்து உட்காருங்க” என்றார் எப்சிபா.

ஜெபத்துரை போய் உட்கார்ந்தார். அவர் வீட்டில் மனைவியும் மகள்களும் அடுத்த பாட்டை ஆரம்பித்திருந்தார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது. தன் வீட்டுச் சத்தத்தை ஜெபத்துரை முதல்முறையாக வெளியிலிருந்து கேட்டார்.

அறிவழகன் மெல்லப் பேசினார். “கடைசி பஸ்ஸ டிப்போல விட்டுட்டு வந்து படுக்க ரெண்டு மணி ஆயிரும் அண்ணாச்சி. பத்து மணிக்கு மறுபடி டூட்டி. முந்தாநாள் வள்ளியூர் தாண்டுறப்ப கண்ணு சொக்கிருச்சு. வண்டியில அம்பது பேரு. அதான் நேத்து ஜன்னலச் சாத்திட்டேன். மன்னிச்சிருங்க.”

ஜெபத்துரை அவர் பக்கம் திரும்பினார். “நாலு வருஷமா ஏன் தம்பி ஒரு வார்த்த சொல்லல?”

“என் பேரச் சொல்லி அழுறீங்கள்ல. எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா அப்படி அழுறவங்ககிட்ட எப்படிச் சண்ட போட?”

ஜெபத்துரை எப்சிபாவைப் பார்த்தார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த நாள் நாலு மணிக்கு ஜெபத்துரை முழங்காலில் நின்றார். பாட்டில்லை, தட்டலில்லை. உதடு மட்டும் அசைந்தது. அறிவழகனின் பேரோடு அந்த ஐம்பது பேரையும் சேர்த்துக்கொண்டார்.

“சத்தமே இல்லாம ஜெபிச்சா ஆண்டவர் பதில் சொல்வாரா?” மனைவி காதோடு கிசுகிசுத்தாள்.

ஜெபத்துரை பக்கத்து வீட்டைக் காட்டினார்.

சாத்தியிருந்த ஜன்னல் காற்றுக்காகத் திறந்து கிடந்தது. உள்ளிருந்து குறட்டை வந்துகொண்டிருந்தது.