மூக்குத்தி முறுக்குக்கு வந்த முத்திரை

பொய் என்று நினைத்தால் பாதி விலைக்குக் கேளுங்கள், எனக்கு நஷ்டமில்லை. கொடுக்காப்புளியூரை ஆண்ட ராஜாவுக்கு ‘அண்டமுட்டும் பராக்கிரமர்’ என்று பட்டப்பெயர். அவராகவே வைத்துக்கொண்டது. ஆயுளில் ஒரே ஒரு போருக்குப் புறப்பட்டார். பாதி வழியில் பட்டத்து யானை திரும்பிக் கொட்டிலுக்கே வந்துவிட்டது. ராஜாவும் அதன் மேலேயே வந்துவிட்டார்.

அந்த ஊரில் சிவகாமு என்றொருத்தி முறுக்குக் கடை வைத்திருந்தாள். மூக்கில் பெரிய மூக்குத்தி. முறுக்கின் நடுவிலும் அதேபோல் ஒரு பொட்டு வைத்துச் சுடுவாள். கடைக்குப் பெயரே ‘மூக்குத்தி முறுக்கு’. தினமும் முதல் ஈடு கோயில் யானைக்கு. அது வாங்கித் தின்ற பிறகுதான் மனுஷருக்கு வியாபாரம்.

ஒருநாள் படைத்தலைவரான தளவாயின் மைத்துனன் தாண்டவராயன் செப்புப் பட்டயத்தோடு வந்து நின்றான்.

“பலகையைக் கழற்று. இந்தப் பெயர் இனி என்னுது. அரச முத்திரை வாங்கிட்டேன்.”

சிவகாமு அலறிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினாள். அங்கே குறும்பு செய்வதற்கென்றே சம்பளம் வாங்கிய நாகலிங்கம் வாசலில் அவளை மடக்கி விவரம் கேட்டான்.

“ஏன் ஆத்தா, நீ முதல்லயே முத்திரை வாங்கியிருக்கக் கூடாதா?”

“கடை பெருசானதும் வாங்கிக்கலாம்னு இருந்தேன் சாமி.”

“அவனும் அதுக்குத்தான் காத்திருந்தான்.”

சபையில் ராஜா கையை விரித்தார். “யார் முதலில் முத்திரை வாங்குகிறானோ அவனுக்கே பெயர். சட்டம் அப்படி.”

நாகலிங்கம் பட்டயத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தான். “‘மூக்குத்தி முறுக்கு என்ற பெயரும், அதை நம்பி வருகிற சகலமும் தாண்டவராயனையே சேரும்.’ இந்தச் ‘சகலமும்’ யார் போடச் சொன்னது?”

“நான்தான்!” தாண்டவராயன் மீசையைத் தடவினான். “வாடிக்கையாளர் ஒருத்தர்கூட அவ பக்கம் போகக் கூடாதே!”

“பேஷ்! ஆத்தா, பலகையைக் கழற்றி அவர்கிட்டயே கொடுத்துடு.”

“சாமி, அதுதானே என் பொழைப்பு!”

“கொடுன்னா கொடு.”

அழுதுகொண்டே கொடுத்தாள். தாண்டவராயன் அதைத் தன் புதுக் கடை வாசலில் மாட்டினான். வருஷக் கணக்காக எண்ணெய்ப் புகை குடித்த பலகை அது. தெருக்கோடியிலேயே முறுக்கு மணக்கும்.

மறுநாள் காலை யானை வந்தது. மோப்பம் பிடித்தது. நேரே தாண்டவராயன் கடைக்குப் போய்த் தும்பிக்கையை நீட்டியது. அவன் பழைய எண்ணெயில் பொரித்த முறுக்கொன்றை வைத்தான். யானை வாயில் போட்டது, யோசித்தது, எடுத்து அவன் முகத்திலேயே வீசியது. அடுத்து கடை வாசலை அடைத்து உட்கார்ந்துவிட்டது. பாகன் கெஞ்சினான், அதட்டினான். ஊஹூம்! பலகை இருக்கிற இடத்தில் நல்ல முறுக்கு வந்தே தீரும் என்று அதற்கு அப்படியொரு நம்பிக்கை.

உள்ளே மாட்டிக்கொண்ட தாண்டவராயன் பின்பக்கக் கூரையைப் பிரித்துக்கொண்டு சபைக்கு ஓடிவந்தான்.

“அரசே! யானையை விரட்டச் சொல்லுங்கள்!”

“அதெப்படி?” என்றான் நாகலிங்கம். “பெயரை நம்பி வந்தது ஐயா அது. பட்டயப்படி உம்மைத்தான் சேரும். தழை போடுவதும், குளிப்பாட்டுவதும், சாணம் அள்ளுவதும் இனி உம் வேலை. கோயிலுக்கு நீரே வேறு யானை வாங்கிக் கொடுத்துவிடும்.”

“ஐயோ! பெயரே வேண்டாம்! அவளே வைத்துக்கொள்ளட்டும்!”

பட்டயம் சபை நடுவிலேயே ரத்தானது. சிவகாமு கும்பிட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

“ஆத்தா, நில்லு! எங்க ஓடுற?”

“யானை பசியா இருக்கும் சாமி. அடுப்பு மூட்டணும்.”

“முதல்ல முத்திரை, அப்புறம் அடுப்பு. உன் அடுத்த கடைக்கும் இதே வரிசைதான். தளவாய்க்கு இன்னும் ரெண்டு மைத்துனன் இருக்கான்.”

முத்திரை விழுந்தது. ராஜா திடீரென்று சிம்மாசனத்தை விட்டு எழுந்தார்.

“நாகலிங்கம், என் பட்டப்பெயருக்கு முத்திரையே இல்லையே! எவனாவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்?”

“பயமே வேண்டாம் மகாராஜா. அந்தப் பெயரை நம்பி உங்கள் யானையே போருக்கு வரவில்லை. திருடனா வரப்போகிறான்?”

ராஜா முறைத்தார். உதடு துடித்தது. பிறகு கிரீடம் கழன்று உருளும்படி சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி நாகலிங்கத்திடம் வீசினார்.

அவன் அதைக் கழுத்தில் போடவில்லை. முத்திரை அதிகாரியிடம் ஓடினான். “ஐயா, முதல்ல இது என்னுதுன்னு ஒரு குத்து குத்துங்க. தளவாய் பார்த்துக்கிட்டே இருக்கார்!”