எறும்பு மட்டும் கட்டிய வரி

ஏரிக்கரைக் காட்டில் விலங்குகள் எல்லாம் தேடிய இரையில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கொடுத்து வந்தன. அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பன்றிகள் மழைக்கு முன்னால் ஏரிக்கரையை மண் போட்டு உயர்த்தும். கரை நின்றால்தான் கோடையில் குடிக்கத் தண்ணீர்.

ஒரு வருஷம் நரி, வரி ரொம்ப அதிகம், குறைக்க வேண்டும் என்று கிளப்பிவிட்டது. சிங்கம் சபை கூட்டியது.

முதலில் குரங்கு இரண்டு கன்னமும் உப்ப எழுந்தது. கன்னத்தில் அடக்கியதை இன்னும் விழுங்கவில்லை, விழுங்காதது எப்படி வருமானமாகும் என்று கேட்டது. நியாயம்தான் என்றது சபை. யானை, தன் பங்கு தன் வயிற்றுக்கே பத்தவில்லை என்றது. கரடி, தேனெல்லாம் தேனீக்கள் பிரியமாகக் கொடுத்தது, அதற்கு வரி கிடையாது என்றது. அதன் மூக்கில் கொட்டின வீக்கம் இன்னும் வடியவில்லை. நரியோ, தான் தின்பது ராஜா தின்ற மிச்சம், ஒரே கறிக்கு இரண்டு தரம் வரியா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது.

கடைசியில் சிங்கமும் தொண்டையைக் கனைத்தது. "ராஜா வரி கட்டினால் யாரிடம் கட்டுவது? எனக்கும் சலுகை."

எல்லாம் ஒரே மனதாகத் தலையாட்டின. சபைக்கு வராதது எறும்புகள் மட்டும்தான். மழைக்கு முன்னால் புல்லரிசி சேர்க்கிற வேலை அவற்றுக்கு.

நரி போய்த் தலைமை எறும்பிடம் விஷயத்தைச் சொன்னது. "அம்மணி, இனிமேல் இந்தக் காட்டில் வரி கட்டுகிற பெருமை உங்களுக்கு மட்டும்தான்."

"இருக்கட்டும் நரியாரே. காலை எடுங்கள், வரிசை நிற்கிறது" என்றது எறும்பு.

எறும்புகள் மூன்று இலை நிறையப் புல்லரிசி கட்டின. பன்றிகள் ஒரே நக்கில் முடித்துவிட்டன. "இந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு மண் வரும், தாயி?" என்று கேட்டன. எறும்பு தன் புற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளத்தைக் காட்டியது. அதைச் சுற்றி ஒரு சாண் கரை கட்டிவிட்டுப் பன்றிகள் போய்விட்டன.

மழை கொட்டியது. பெரிய கரை உடைந்து ஏரி மொத்தமும் ஓடிப்போனது. கோடை வந்தபோது தண்ணீர் இருந்தது அந்தப் பள்ளத்தில்தான். தேங்காய்ச் சிரட்டை அளவுத் தண்ணீர். எறும்புகள் இலை போட்டு மூடி வைத்திருந்தன.

காடே அங்கே வந்து வரிசை கட்டியது. சிங்கம் குனிந்து நாக்கை நீட்டியது.

"மெதுவா, ராஜா" என்றது எறும்பு. "ஒரு சொட்டுதான். பின்னால் யானை நிற்கிறார்."

சிங்கம் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. அன்று பிடித்த மானில் ஒரு தொடையைத் தானே இழுத்துப்போய்ப் பன்றிகள் முன்னால் வைத்தது. அதைப் பார்த்த குரங்கு, கன்னத்திலிருந்து இரண்டு நாவற்பழத்தை எடுத்து வைத்தது. நரி மட்டும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தது. பிறகு அதுவும் ஒரு எலும்பைக் கொண்டுவந்து போட்டது.

ஆளாளுக்குச் சலுகை வாங்கிக்கொண்டு வரியிலிருந்து நழுவினால், எல்லோருக்கும் வேண்டியது ஒருவருக்கும் இல்லாமல் போய்விடும்.